ராடு வேற, பின்னு வேற

அந்தக் கதவைத் தட்டாதீங்க தம்பி, ஆளில்ல. மதுரைக்குப் போயிருக்காக. நாலு மணிக்குள்ள வந்துருவாக. வண்டி பாக்கத்தான வந்தீங்க? வரச் சொல்லிட்டு ஜக்கையன் ஊர்ல இல்ல பாருங்க. வெயில்ல நிக்காதீங்க, இங்கிட்டு வாங்க. இந்த நாற்காலியில உக்காருங்க. ஒரு கால் ஆடும், சுவரோரமா சாச்சுப் போட்டுக்கங்க, ஒண்ணும் ஆகாது. எங்க வீட்டுக்காரி அன்னக்கொடியும் அவுககூடத்தான் போயிருக்கா, அதனால காப்பிக்கு வழியில்ல. மோர் இருக்கு. குடிக்கிறீங்களா?

என் பேரு சுருளிவேல். பஸ் டெப்போவுல முப்பத்தொரு வருஷம் ஃபிட்டர். அதுல இருபத்திரெண்டு வருஷம் பிரேக் செக்‌ஷன். இந்தா தெரியுது பாருங்க போடி மெட்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவு. தினம் அதுல ஏறி இறங்குற பஸ்ஸெல்லாம் என் கை பட்டுத்தான் போகும். ஒரு கம்ப்ளெயிண்ட் வந்ததில்ல. யாரை வேணும்னாலும் கேளுங்க. எதுக்குச் சொல்றேன்னா, நீங்க வாங்கப்போற வண்டியில பின்பிரேக்கு ராடு இருக்குல்ல, மிதிக்கிற பெடல்ல இருந்து பின்சக்கரத்துக்குப் போற கம்பி, அது நான் செஞ்சது. இந்தக் கையால செஞ்சது. அவன் உங்ககிட்ட வேற மாதிரி சொல்லியிருப்பான். அதனாலதான் முதல்லயே சொல்லிர்றேன்.

ஜக்கையனும் நானும் அஞ்சாப்புல இருந்து ஒண்ணு. அவன் தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். பேனா பிடிச்ச கை. ஒரு ஆணி அடிக்கணும்னாலும் என்னைத்தான் கூப்பிடுவான். ரிட்டயர் ஆன மறுமாசமே மெட்டுல ஒரு எஸ்டேட்டுக்காரர்கிட்ட இருந்து இந்த வண்டியை வாங்கிட்டு வந்துட்டான். ஐம்பத்தெட்டு மாடல் சீமை மோட்டார் சைக்கிள். ஏலக்கா மூட்டைக்குக் கீழ எத்தனையோ வருஷம் கிடந்தது. லாரியில இருந்து இறக்கும்போது தெருவே ஏலக்கா வாசம். தங்கச்சி தலையில அடிச்சுக்கிருச்சு. தங்கச்சின்னா அவன் சம்சாரம், வீருசின்னம்மா. என்னை அண்ணேன்னுதான் கூப்பிடும். கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு.

இஞ்சினு வேலையெல்லாம் தேனியில ஒரு மெக்கானிக் பாத்தாப்ல. பின்பிரேக்குக்கு மட்டும் ராடு இல்ல. அந்த இடத்துல எவனோ கட்டுக் கம்பியை இழுத்துக் கட்டி வச்சிருந்தான். ஜக்கையன் வந்து இந்த இடத்துலதான் நின்னான். "சுருளி, மத்ததை யாரு வேணா பாக்கட்டும். பிரேக்கு நீதான் செய்யணும்"னான். சொன்னான் தம்பி. அவன் வாயால கேட்டான். நானா போய் விழல.

பத்தொம்பது நாள் எடுத்தேன். சும்மா இல்ல. விளக்குமாத்துக் குச்சி வச்சு அளவெடுத்து, நல்ல இரும்புக் கம்பியாத் தேடிப் பிடிச்சு, சூடு காட்டி, நடு ஸ்டாண்டுல தட்டாம இருக்க ஒரு வளைவு விட்டு, பின்பக்கம் நட்டுக்கு மரை வெட்டி, முன்பக்கம் பெடலைக் கவ்வுற மாதிரி ஒரு கவட்டை வச்சேன். கவட்டைக்குள்ள பெடல் போயி உக்காரும், குறுக்க ஒரு பின்னு போகும், பின்னு கழண்டு வராம இருக்க அது நுனியில சின்னதா ஒரு ஸ்ப்ளிட் பின்னு. இம்புட்டுத்தான் விஷயம். பின்னு போற ஓட்டையை மட்டும் அரை நூல் பெருசா விட்டேன். தெரியாம இல்ல. மழையில துரு ஏறினா இறுகும்ல, அதுக்காக விட்ட இடம். தேனி மெக்கானிக்கு அதைப் பாத்துட்டு, "அண்ணே, பின்னு ஆடுதே"ன்னாப்ல. "நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே நான் பிரேக்கு பாத்தவன்டா"ன்னேன்.

மாட்டிக் கொடுத்தேன். ஜக்கையன் தெருவுல ரெண்டு சுத்து போயிட்டு வந்தான். எப்படிடான்னேன். "நல்லாருக்கு"ன்னான். நாலு நாள் கழிச்சு வந்து, "பெடல் ரொம்பக் கீழ போகுதே சுருளி, ராடு கொஞ்சம் நீளமோ?"ன்னான். "நட்டை முறுக்கிக்க"ன்னேன். "முறுக்கிட்டேன், மரையே தீந்துபோச்சு"ன்னான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இவன் மரையைப் பத்திப் பேசுறான். "ரெண்டு வாசர் போடு. ராடுல ஒண்ணுமில்ல, உனக்கு மிதிக்கத் தெரியல. அந்தக் காலத்து வண்டியில இடது கால்ல பிரேக்கு, வலது கால்ல கியரு. பழகணும்"னேன். சரின்னு தலையாட்டிட்டுப் போனான். அவன் குணமே அதுதான் தம்பி. எதுக்கும் எதிர்த்துப் பேச மாட்டான். தலையை ஆட்டிட்டுப் போயி அவனுக்குத் தோணுனதைச் செய்வான்.

ஒரு மாசம் இருக்கும். காலையில தங்கச்சி அவுக வீட்டுப் பின்னாடி முருங்கைக்காய் பறிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் இந்தப் பக்கம் பல்லு விளக்கிக்கிட்டு நிக்கிறேன். நீளமா ஒரு மூங்கில். அது நுனியில பளபளன்னு ஏதோ கட்டியிருக்கு. கவட்டைக்குள்ள காயை மாட்டி ஒரு திருகு திருகுது, காய் விழுகுது. அழகா விழுகுது. என் ராடு தம்பி. நான் பத்தொம்பது நாள் செஞ்ச ராடை முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியாக் கட்டி வச்சிருக்காக.

என்னைப் பாத்துட்டு தங்கச்சி சிரிச்சுச்சு. ஒரு கட்டுக் காய் கொண்டாந்து கொடுத்துச்சு. "நல்ல வாட்டமா இருக்குண்ணே, கை வலிக்கவே இல்ல"ன்னுச்சு. அது மனசுல கள்ளமில்ல, நான் அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். அன்னைக்கு அன்னக்கொடி அந்தக் காயில குழம்பு வச்சா. நான் ரசம் ஊத்திச் சாப்பிட்டேன்.

சாயங்காலமே போயி வண்டியைப் பாத்தேன். புது ராடு. கோயம்புத்தூர்ல எங்கயோ இந்தப் பழைய வண்டிகளுக்குச் சாமான் செய்றாங்களாம், பார்சல்ல வரவழைச்சு மாட்டியிருக்கான். முலாம் பூசி, வெள்ளிக் கொலுசு மாதிரி மினுங்குது. "என்னடா இது?"ன்னேன். அவன் முகம் சுருங்கிப்போச்சு. "இல்ல சுருளி, உன்னைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு பண்ண வேணாமேன்னு…" அப்படின்னு இழுத்தான். அம்பது வருஷப் பழக்கத்துல தொந்தரவுங்கிற வார்த்தையை அன்னைக்குத்தான் கேக்குறேன்.

நான் ஒண்ணும் சண்டை போடல. அதைச் சொல்லிர்றேன். டீக்கடையில நாலு பேருகிட்ட, "கடையில வாங்குன ராடு, மெட்டுல ஒருநாள் காலை வாரிவிட்டுரும்"னு சொன்னேன், அவ்வளவுதான். அது ஒரு ஃபிட்டரோட அபிப்பிராயம்.

அப்புறம் அவுக பழனிக்குப் போனாக, மூணு நாள். வீட்டுச் சாவி, வண்டிச் சாவி ரெண்டையும் என் கையிலதான் கொடுத்துட்டுப் போனான். வேற யாருகிட்ட கொடுப்பான்? மறுநாள் காலையில செடிக்குத் தண்ணி ஊத்தப் போனேன். சுவருல அந்தத் தொரட்டி சாஞ்சு நிக்குது. கவட்டையில முருங்கை இலை காஞ்சு ஒட்டியிருக்கு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. அவுத்தேன். துடைச்சேன். மண்ணெண்ணெய்ல கழுவினேன். கழுவுனதும் எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒரு கீறல் இல்ல, வளைவு மாறல.

கடை ராடைக் கழட்டிட்டு அதை மாட்டினேன். ஆமா. ஏன் மாட்டினேன்னா, அவனுக்குப் புரியணும்ல? நீளம்னு சொன்னான்ல, அதுக்குப் பின்னாடி ஒரு பைப்புத் துண்டு கொடுத்து நட்டை முறுக்கினேன், பெடல் ஜம்முன்னு மேல வந்துருச்சு. முன்னாடியே செஞ்சிருக்கலாமேன்னு கேக்காதீங்க, அவன் முன்னாடியே ஒழுங்காக் கேட்டிருக்கணும். திட்டம் என்னன்னா, நான் சொல்லவே கூடாது. அவன் ஓட்டணும். ஓட்டிட்டு அவனே நாலு பேரு முன்னாடி பிரேக்கு பிரமாதம்னு சொல்லணும். சொன்னதும், "மாப்ள, குனிஞ்சு பாரு, அது யாரு ராடு?"ன்னு கேக்கணும். அம்புட்டுத்தான் என் ஆசை. இதுல என்ன தப்பு இருக்கு, சொல்லுங்க.

அந்த ஸ்ப்ளிட் பின்னு மட்டும் பழசு ஒடிஞ்சுபோச்சு. கடை ராடோட ஸ்ப்ளிட் பின்னு என் பின்னு ஓட்டைக்குச் சேரல. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ஹார்டுவேர் கடை அடைப்பு. தற்காலிகமா கட்டுக் கம்பியை மூணு சுத்து சுத்தி முறுக்கி விட்டேன். மறுநாள் வாங்கிக்கலாம்னு. மறுநாள் சின்னமனூர்ல ஒரு கல்யாணம். அதுக்கடுத்த நாள் அவுக வந்துட்டாக. வந்த பிறகு போயி வண்டிக்குக் கீழ குனிஞ்சா கேப்பான்ல, என்னடா பண்றன்னு? எல்லாம் கெட்டுப்போகும்ல?

தங்கச்சிதான் முதல்ல கேட்டுச்சு. "அண்ணே, தொரட்டி நுனியைக் காணோம்"னு. "குரங்கு தூக்கிட்டுப் போயிருக்கும்"னேன். இங்க குரங்கு சாஸ்தி, நம்பிருச்சு.

ஆறாவது நாளு ஜக்கையன் சொன்னான் தம்பி. தெருவுல வந்து வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னான். "சுருளி, பிரேக்கு இப்ப நல்லா செட் ஆயிருச்சுடா. தொட்டா நிக்குது." என் நெஞ்சு அப்படியே நிறைஞ்சுபோச்சு. சொல்லிருவோமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா தெருவுல யாருமே இல்ல. ரெண்டு பேருதான். அவன் டீக்கடையில வச்சு இன்னொரு தடவை சொல்லட்டும், அப்பச் சொல்லுவோம்னு விட்டுட்டேன்.

அந்த வியாழக்கிழமை அவன் மெட்டுக்குப் போனான். வண்டி கொடுத்த எஸ்டேட்டுக்காரருக்கு, பாருங்க உங்க வண்டின்னு ஓட்டிக் காட்டணும்னு ஆசை. ஏறும்போது ஒண்ணுமில்ல. இறங்கும்போது பதினோராவது வளைவுல பெடல் சும்மா தொங்கிருச்சு. மிதிச்சா காத்துல மிதிக்கிற மாதிரி இருந்துச்சாம். முன்பிரேக்கு அந்த மாதிரி வண்டியில பேருக்குத்தான். இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் பாறை. பாறைப் பக்கமா ஒடிச்சுட்டான். இடது கால் இஞ்சினுக்கும் கல்லுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு.

எனக்கு போன் வந்ததும் ஓடினேன். செருப்புகூடப் போடல. வண்டியை போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல கிடத்தியிருந்தாக, போற வழிதான அது, அதனால முதல்ல அங்க இறங்கிப் பாத்தேன். குனிஞ்சு பாத்தேன். ராடு நேரா இருக்கு தம்பி. ஒரு மயிரிழை வளையல. மரை நிக்குது, கவட்டை நிக்குது. பின்னுதான் இல்ல, அறுந்த கம்பித் துண்டு மட்டும் கவட்டையில சிக்கியிருக்கு. கம்பி அறுந்து பின்னு கழண்டு எங்கயோ விழுந்துருச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. ராடு வேற, பின்னு வேற. இதை எந்த ஃபிட்டரைக் கேட்டாலும் சொல்லுவான். அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதுக்குள்ள முழங்காலுக்குக் கீழ எடுக்கணும்னு சொல்லி உள்ள கொண்டு போயிட்டாக. தங்கச்சி தரையில உக்காந்திருந்துச்சு. நான் போயி, "ராடு உடையலம்மா"ன்னேன். ஏதாவது ஆறுதலாச் சொல்லணும்ல? அது என்னை நிமிந்து பாத்துச்சு. என்ன பார்வைன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

மோர் போதுமா? இன்னும் கொஞ்சம் ஊத்தவா?

இனிமேதான் விஷயமே இருக்கு. நாலாவது நாள் எஸ்.ஐ. ஒருத்தர் வந்தாரு, வாக்குமூலம் எழுத. நான் ஒரு தூக்குச் சட்டியில கஞ்சி எடுத்துக்கிட்டுக் கட்டில் பக்கத்துல நிக்கிறேன். அன்னக்கொடி இருக்கா, தங்கச்சி இருக்கு. எஸ்.ஐ. கேக்குறாரு, "பிரேக்குல ஸ்ப்ளிட் பின்னுக்குப் பதிலா கட்டுக் கம்பி சுத்தியிருந்திருக்கு. ராடும் கைவேலையா இருக்கு. யாரு மாட்டுனது?" ஜக்கையன் என்னைப் பாத்தான். நானும் பாத்தேன். சொல்லுவான்னு நின்னேன். என் முகத்தைப் பாத்துக்கிட்டே சொல்றான், "நான்தான் சார். நானே செஞ்சு நானே மாட்டினது. எனக்கு அனுபவம் பத்தல."

தம்பி, எனக்கு அந்த இடத்துல எப்படி இருந்திருக்கும்? முப்பத்தொரு வருஷம் பிரேக்கு பாத்தவன் செஞ்ச ராடு. ஆணி அடிக்கத் தெரியாத ஒரு கிளார்க்கு, தான் செஞ்சேன்னு சொல்றான். எஸ்.ஐ. எழுதிக்கிட்டாரு. எழுத்துல ஏறிப்போச்சு. நான் வாயைத் திறந்தேன், "சார்…"னு. அன்னக்கொடி என் கையைப் பிடிச்சா. நகம் பதியுற மாதிரி பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்துட்டா. வராந்தாவுல நின்னு, "அந்த மனுசன் கால் போயிக் கிடந்தும் உன்னைக் காப்பாத்துறாரு. உனக்கு அதுகூடத் தெரியலையா?"ன்னா. காப்பாத்துறானாம்! எதுல இருந்து? நான் என்ன திருடினேனா? கொலை பண்ணினேனா? என்னைக் காப்பாத்தச் சொல்லி யாரு கேட்டா? உண்மையைச் சொல்லியிருந்தா நான் எஸ்.ஐ.க்கு விளக்கிச் சொல்லியிருப்பேன், ராடு வேற பின்னு வேறன்னு. அதுக்கு வழியே இல்லாமப் பண்ணிட்டான். அவன் பெரிய மனுசன் ஆயிட்டான், நான் வாயில்லாதவன் ஆயிட்டேன்.

அன்னையில இருந்து அன்னக்கொடி என்கூடப் பேசுறதில்ல. சோறு வச்சுட்டுப் போயிருவா. பகல் பூரா அந்த வீட்டுலதான். அவனைக் குளிப்பாட்ட, பிடிச்சு நடக்க வைக்க. இன்னைக்குச் செயற்கைக் கால் மாட்டப் போயிருக்காக, மூணு பேருமா. கார் பிடிச்சாக. கார்ல நாலு பேரு உக்காரலாம். நான் காலையிலயே சட்டை மாட்டிக்கிட்டு இந்த வாசல்ல நின்னேன். கதவைச் சாத்திட்டுக் கிளம்பிட்டாக.

ஆமா தம்பி, போன்ல உங்ககிட்ட என்ன சொன்னான்? சொல்லுங்க, பரவாயில்ல.

…அப்படியா சொன்னான்? "பிரேக்கு ராடு மட்டும் நான் செஞ்சது, அதை மாத்திட்டு ஓட்டுங்க"ன்னானா? பாத்தீங்களா? இன்னமும் அதையே சொல்றான் பாருங்க! உங்களுக்கும் எனக்கும் முன்னப்பின்ன பழக்கமில்ல. உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? போலீஸும் இல்ல, கேஸும் முடிஞ்சுபோச்சு. இனிமே எதுக்கு அந்தப் பொய்? அவனுக்கே அது நெசம்னு ஆயிப்போச்சோ என்னமோ.

அந்தக் கடை ராடு என்கிட்டதான் இருக்கு. எண்ணெய் போட்டு, துணியில சுத்தி, கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன். வேணும்னா எடுத்துத் தாரேன். மாட்டிக்கங்க. இல்ல… வேணாம், இருங்க. என் ராடு இருக்கட்டும் தம்பி. ஒரு நல்ல ஸ்ப்ளிட் பின்னு மட்டும் போடுங்க. மூணு சுத்து சுத்துனேன்… நாலு சுத்தா சுத்தியிருந்தா… சரி விடுங்க. கம்பி கம்பிதான். நாலு சுத்துனாலும் அறுந்துதான் போயிருக்கும். தேய்ஞ்சிருக்கும். ஓட்டை ஆடுச்சுன்னா தேயத்தான செய்யும். அந்தத் தேனிக்காரன்… சரி விடுங்க.

ஹாரன் சத்தம். அவுக கார்தான். எந்திரிச்சுப் போங்க, உங்களைத் தேடுவான். தங்கச்சி இறங்குது. அந்தப் பக்கம் அன்னக்கொடி. அந்தா, கால் தெரியுது. புதுக் காலு. பேண்ட்டுக்குள்ள ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு? நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. தூக்கி வைக்கும்போதுதான்… பைய, பைய. படியில வலது காலை முதல்ல வைக்கணும், யாரும் சொல்லிக் கொடுக்கலையா அவனுக்கு?

நீங்க போங்க தம்பி. விலையை நீங்களும் அவனும் பேசிக்கங்க. நான் இங்க உக்காந்து உங்ககிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்னு நீங்களாச் சொல்ல வேணாம். அவனாக் கேட்டான்னா சொல்லுங்க. சுருளி எங்கன்னு கேட்டான்னா, இருக்காப்ல, சட்டையெல்லாம் போட்டுக்கிட்டுத்தான் இருக்காப்லன்னு சொல்லுங்க.

கேக்க மாட்டான். போங்க.